சோறு இல்லாத புதன்கிழமை

மணியக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்துப் புழங்குவார் யாரும் இல்லை. புதன்கிழமை பகல் ஒரு மணிக்கு அவள் கைமணியை ஆட்டினால், ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிக் கூட்டரங்கில் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் வகுப்பு தொடங்கும். இரண்டு மணிக்கு மறுபடி ஆட்டினால் முடியும். பத்தொன்பது வருடமாக அந்த மணி அவள் கையில். ஊரே கையெடுத்துக் கும்பிடும் அறுவை சிகிச்சை டாக்டர்கூட அந்தச் சத்தம் கேட்டால் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொள்வார். "இன்னும் ரெண்டே நிமிஷம் அக்கா" என்று கெஞ்சுகிறவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான் உண்டு. "ரெண்டு நிமிஷத்துல நீங்க வயித்தையே தைச்சு முடிச்சிருவீங்க டாக்டர். பேச்ச முடிக்க மாட்டீங்க."

அவள் படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. நாற்காலி போடுவது, மைக்கைச் சரிபார்ப்பது, புரொஜக்டரை ஓட்டுவது, வந்தவர்களின் தலையை எண்ணுவது, இவைதான் வேலை. அரங்கின் பின்சுவரை ஒட்டிக் கண்ணாடித் தடுப்பு வைத்த சின்ன அறை ஒன்று உண்டு. அதற்குள் ஒரு ஸ்டூல், ஒரு மேஜை, ஒரு மைக், அப்புறம் அவள். எதிரே மேடைக்கு மேல் வட்டமான பெரிய சுவர்க் கடிகாரம். அதன் கண்ணாடி எந்தக் காலத்திலோ உடைந்துபோனது. ஆனாலும் முள் பிசகியதில்லை. அது காட்டுவதுதான் நேரம். போனைப் பார்த்து நேரம் சொல்கிறவர்களிடம், "அத உங்க வீட்ல வச்சுக்குங்க" என்பாள்.

மேஜை இழுப்பறையில் நீளமான நோட்டு ஒன்று கிடக்கும். தேதி, என்ன பாடம், யார் பேசியது, எத்தனை தலை, என்ன சாப்பாடு என்று ஐந்து கட்டம். கடைசிக் கட்டத்தை யாரும் கேட்கவில்லை. அவளாகக் கோடு போட்டுச் சேர்த்தது. நாலாவது கட்டம் ஏறுவதும் இறங்குவதும் ஐந்தாவது கட்டத்தைப் பொறுத்துத்தான் என்பதை முதல் வருடமே கண்டுகொண்டாள். பொரித்த கோழி என்றால் எழுபது பேர். வெறும் ரொட்டி என்றால் இருபத்திரண்டு. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சொல்லிவைத்த ஆள் ஏதாவது ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்த்திருக்க வேண்டும்.

அந்தச் சாப்பாடு மருந்துக் கம்பெனிகள் அனுப்புவது. சாப்பாட்டோடு பேச்சாளரையும் அவர்களே அனுப்புவார்கள். பேச்சாளரோடு பாடமும் வரும். பாடத்தின் கடைசியில் ஒரு மாத்திரை வரும். எல்லாம் ஒரே வண்டியில். மிஞ்சிய பொட்டலங்களில் இரண்டு மணியக்காவின் பைக்குள் போகும். அதனால் பத்தொன்பது வருடமாக அவள் வீட்டில் புதன்கிழமை அடுப்பு எரிந்ததில்லை.

வீட்டில் அவளும் கணவரும் மட்டும். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். விசில் ஊதிப் பழகிய வாய். நேரம் என்றால் உயிர். பெண்டாட்டி இரண்டு மணிக்கு மணியடிப்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. "நம்ம குடும்பத்துக்கே கை சும்மா இருக்காது. நான் டிக்கெட் கிழிச்சேன், இவ டாக்டருங்கள வீட்டுக்கு அனுப்புறா" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொள்வார்.

இப்படிப் பாலும் தெளிதேனுமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் பெரிய டாக்டரம்மா வந்து சேர்ந்தார். வேறு ஆஸ்பத்திரியிலிருந்து தலைமைப் பதவிக்கு மாற்றலாகி வந்தவர். உயரம் ஐந்தடிகூட இல்லை; ஆனால் அவர் வராந்தாவில் வந்தால் சுவர் ஒதுங்கி வழிவிடும். மூன்றாவது மாதம் கூட்டரங்கின் கதவில் ஒரு தாள் ஒட்டினார். பன்னிரண்டு விதிகள். கம்பெனிகள் டாக்டர்களின் படிப்புக்கு உதவ நினைத்தால், ஆஸ்பத்திரியின் பொது நிதியில் கொடுக்கலாம். அதோடு அவர்கள் வேலை முடிந்தது. யார் பேசுவது, எதைப் பேசுவது என்று அவர்கள் சொல்லக்கூடாது. சாப்பாடு கிடையாது. பேனா, பை, குடை கிடையாது. அரங்கில் எந்தக் கம்பெனியின் பெயரும் கண்ணில் படக்கூடாது. பேச வருகிறவர், போன வருடம் யாரிடமிருந்து என்னென்ன வாங்கினார் என்பதை முதல் ஸ்லைடில் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

மணியக்கா தாளை இரண்டு தடவை படித்துவிட்டு நேரே அவர் அறைக்குப் போனாள்.

"அம்மா, ஒரு வேளைச் சோத்துக்காகவா ஒரு டாக்டர் மருந்த மாத்தி எழுதப்போறாங்க?"

"சோத்துக்காக மாத்துறேன்னு எந்த டாக்டரும் நெனைக்க மாட்டார்மா. நானும் நெனைச்சதில்ல. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லிச் சொல்லி வளத்திருக்காங்க நம்மள. அது நல்ல பழக்கந்தான். அதனாலதான் உப்பே வேண்டாங்கறேன்."

"சோறு இல்லைன்னா யாரும் வர மாட்டாங்கம்மா."

"அப்படின்னா அது வகுப்பு இல்ல, பந்தி." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நோயாளிங்களோட சொந்தக்காரங்க உக்கார எடமில்லாம மாடிப்படியில கெடக்குறாங்க. இன்னும் மூணு புதன்கிழமை பாக்குறேன். மூணாவது புதன் நானே வருவேன். ரெண்டு மணிக்கு முப்பது பேர் எழுந்திரிக்காம உக்காந்திருந்தா அரங்கு உங்களோடது. இல்லைன்னா அது காத்திருக்கற கூடம். உங்களுக்கு மருந்துக் கிடங்குல வேலை போட்டுத் தர்றேன்."

மருந்துக் கிடங்கு என்பது தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத இடம். அங்கே மணியும் கிடையாது, டாக்டரும் கிடையாது. அட்டைப்பெட்டிகளிடம் "நேரம் ஆச்சு" என்று சொன்னால் அவை என்ன செய்யும்? மணியக்கா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

கணவருக்கு வேறு கவலை. "அப்ப புதன்கிழமை சோறு?"

"வடிக்கணும்."

"யாரு?"

"நான் வேலைக்குப் போறேன். நீங்க சும்மா இருக்கீங்க."

அவர் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். "உலகத்தத் திருத்த எங்க வீட்டு அடுப்புதான் கெடச்சுதா அந்தம்மாவுக்கு" என்றார். ஆனால் மறுநாளே உருளைக்கிழங்கு வாங்கிவந்து பழக ஆரம்பித்துவிட்டார். புதன்கிழமை இரண்டு மணிக்கு, வகுப்பு முடிகிற நேரத்துக்குச் சரியாக, அடுக்குப் பாத்திரத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவது என்று இருவருக்கும் ஒப்பந்தம்.

முதல் புதன்கிழமை பதினோரு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் விதி தெரியாமல் வந்தவர்கள். மேஜையில் தண்ணீர் மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஏதோ அவசர நோயாளி ஞாபகம் வந்தவர்களாக நழுவினார்கள். நோட்டில் எட்டு என்று எழுதும்போது மணியக்காவின் கை கூசியது.

அன்று சாயங்காலம் கறுப்புப் பைத் தம்பி வந்தான். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, ஆறு வருடப் பழக்கம், நல்ல பிள்ளை. வழக்கம்போல ஒரு பேனாவை மேஜைமேல் வைத்தான். அவள் அதை அவன் பக்கமே நகர்த்தினாள்.

"என்னக்கா இது. நாய் வித்த காசு குரைக்கவா போகுது?"

"குரைக்காது தம்பி. ஆனா வாலாட்டும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. அவன் போனதும் நோட்டை எடுத்து, பத்தொன்பது வருடத்தையும் ஒரே மூச்சில் புரட்டினாள். படிக்கப் படிக்க முகம் மாறியது. எந்த வருடமும் அவள் குறுக்காகப் படித்ததே ஒழிய நெடுக்காகப் படித்ததில்லை. அன்று மேலிருந்து கீழே படித்துப் பார்த்தாள். பிறகு நோட்டை மூடி இழுப்பறையில் வைத்தாள்.

மறுநாள் காலி மருந்து டப்பா ஒன்றின் மூடியில் துளை போட்டு வார்டு வார்டாகக் கொண்டுபோனாள். "உங்களுக்குத் தெரியாதது என்ன? யாருக்கும் தெரியாம எழுதிப் போடுங்க. பேர் வேண்டாம்." நர்ஸ்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு எழுதினார்கள். இரண்டாவது புதன் குழந்தைகளுக்கு மருந்து அளப்பது பற்றிப் பேச்சு. பத்தொன்பது பேர் வந்தார்கள், கடைசிவரை இருந்தார்கள். ஆனாலும் முப்பதுக்குப் பதினொன்று குறைகிறதே. டப்பாவில் அதிகம் விழுந்த கேள்வி இரத்த அழுத்தம். மூன்றாவது வாரத்துக்கு அதையே வைத்தாள். பேசுவதற்குக் குடை டாக்டரைப் பிடித்தாள். அவர் பொது மருத்துவம் பார்க்கிறவர். வெயிலோ மழையோ, கட்டடத்துக்குள்ளேயும் கையில் குடையோடு நடப்பவர். மணியக்காவின் கணவருக்கு எட்டு வருடமாக இரத்த அழுத்தத்துக்கு வைத்தியம் பார்ப்பவரும் அவர்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அரங்கைக் கடைசியாகச் சுற்றிப் பார்த்தவளுக்குப் பகீர் என்றது. எந்தக் கம்பெனியின் பெயரும் கண்ணில் படக்கூடாது என்பது விதி. இங்கேயோ திரும்பிய பக்கமெல்லாம் பெயர். திரைச்சீலையின் ஓரத்தில், தண்ணீர்க் குடத்தில், குப்பைக்கூடையில், நாற்காலிகளின் முதுகில், பாடம் நடத்த நிறுத்திவைத்திருந்த எலும்புக்கூட்டின் இடுப்பில்கூட. மணியக்கா ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். காயத்துக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்திரிச் சுருள் மூன்றை வார்டிலிருந்து கேட்டு வாங்கிவந்து, கண்ட இடத்திலெல்லாம் ஒட்டினாள். கடைசியில் ஏணி போட்டு ஏறிக் கடிகாரத்தின் வெள்ளைத் தட்டிலும் ஒட்டினாள். ஆறு என்ற எண்ணுக்குச் சற்று மேலே, நாலு விரல் நீளத்துக்கு ஒரு பெயர் அச்சாகியிருந்தது. நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டு இறங்கினாள்.

புதன்கிழமை காலையில் ஆஸ்பத்திரி முழுக்க ஒரே பேச்சு. மூன்றாம் மாடி அரங்குக்கு விபத்தாம், உடம்பெல்லாம் கட்டாம், எலும்புக்கூட்டுக்கு இடுப்பு முறிவாம். வேடிக்கை பார்க்கவே பாதிப்பேர் ஏறிவந்தார்கள். ஒரு மணிக்கு மணியக்கா எண்ணியபோது முப்பத்தெட்டுத் தலை. வந்தால் போதுமா, இருக்க வேண்டுமே.

குடை டாக்டர் மேடையேறி முதல் ஸ்லைடைப் போடச் சொன்னார். காது மடல் சிவந்திருந்தது. "போன வருஷம் நான் வாங்கினது: வெளியூர் மாநாட்டுக்கு ரெண்டு பயணம், ஒரு தோல் பை, கணக்கில்லாத பேனா." சற்று நிறுத்தினார். "ஒரு குடை." அரங்கு கொல்லென்று சிரித்தது. அவர் குடையை எடுத்து, அதிலிருந்த பெயர் சுவரைப் பார்க்கும்படி மேஜைமேல் திருப்பிவைத்தார். மணியக்கா கண்ணாடி அறைக்குள் இருந்தபடியே ஒரு துண்டு பிளாஸ்திரியைத் தூக்கிக் காட்டினாள். மறுபடி சிரிப்பு.

புது ஏற்பாட்டின்படி பேச்சு இருபது நிமிடம், மீதி நேரம் கேள்வி. பேச்சு முடிந்தது. கேள்வி கேட்க ஆளில்லை. பின்வரிசையில் பெரிய டாக்டரம்மா வந்து உட்காரவும், முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்திருக்கப் பார்க்கவும் சரியாக இருந்தது. இரண்டு பேர் எழுந்தால் இருபது பேர் எழுவார்கள். பத்தொன்பது வருடத்தில் "நேரம் ஆச்சு" என்பதைத் தவிர வேறெதற்கும் திறக்காத மைக்கை மணியக்கா திறந்தாள்.

"டாக்டர், ஒரு சந்தேகம்."

கூரையிலிருந்த ஒலிபெருக்கியில் வந்த குரலைக் கேட்டு எல்லாரும் மேலே பார்த்தார்கள். அசரீரிதான் என்று நினைத்தார்களோ என்னவோ, எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

"நான் படிக்காதவ. ஆனா இந்தப் பிரஷர் பாடத்த இங்க பதினாலு தடவ கேட்டிருக்கேன், நோட்டுல இருக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு மாத்திரைதான் ஒசத்தின்னாங்க. பதினாலு தடவையில ஒம்போது மாத்திரை ஒசத்தியாயிருக்கு. எது ஒசத்தின்னு பாத்தா, அன்னிக்கு சோறு போட்டவங்க மாத்திரை எதுவோ அது."

சிரிப்பு ஒன்று கிளம்பிப் பாதியிலேயே நின்றது.

"என்னையும் சேத்துத்தான் சொல்றேன். நானும் அந்தச் சோத்தத் தின்னவதான், வீட்டுக்கும் கொண்டுபோனவதான். எங்க வீட்டுக்காரருக்கு எட்டு வருஷத்துல நாலு மாத்திரை மாத்தினீங்க. அதுல ரெண்டு, நான் கேட்டு மாத்தினது. புதன்கிழமை இங்க கேப்பேன், வியாழக்கிழமை அவரக் கூட்டிட்டு உங்ககிட்ட வருவேன். புதுசு ரொம்ப நல்லதாமே டாக்டர்னு சொல்லுவேன், நீங்களும் எழுதிக் குடுப்பீங்க. அதுல ஒண்ணச் சாப்பிட்டு ரெண்டு மாசம் காலு வீங்கி, படியிறங்க முடியாமக் கெடந்தார். அப்பவும் எனக்கு உறைக்கல. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நோட்டப் பாத்தப்பதான் உறைச்சுது." நோட்டைக் கண்ணாடித் தடுப்பில் வைத்துக் காட்டினாள். "அவருக்கு எதுதான் டாக்டர் நல்லது?"

குடை டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஏதோ சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் தப்பிக்கவில்லை.

"முதல்ல குடுத்ததே போதுமாயிருந்துச்சு அக்கா. பழைய மாத்திரை, அவருக்கு நல்லாத்தான் கேட்டுச்சு. ஏன் மாத்தினேன்னு இப்ப யோசிச்சா... புதுசா ஒண்ணு காதுல விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அவ்வளவுதான் காரணம். வேற காரணம் எனக்கே தெரியல."

அதற்குப் பிறகு அடைத்திருந்த குழாய் திறந்துகொண்டது. ஒரு மூத்த நர்ஸ் எழுந்து, மாத்திரை இருக்கட்டும், மூன்று மாடி ஏறிவந்த ஆளுக்கு மூச்சு வாங்கும்போதே அழுத்தம் பார்த்தால் அது ஏறித்தானே இருக்கும் என்றார். ஆமாம், நானும் அப்படித்தான் பார்க்கிறேன் என்று இளம் டாக்டர் ஒருத்தி ஒப்புக்கொண்டாள். மருந்து கொடுக்கும் பிரிவுக்காரர், பழைய மாத்திரையை எழுதுவாரில்லாமல் அலமாரியில் தூசு படிகிறது என்றார். ஆளுக்கொரு கதை சொன்னார்கள்; தான் செய்த தவற்றைத் தானே சொல்லிச் சிரித்தார்கள். பின்வரிசை ஓரத்தில் பையை வெளியே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த கறுப்புப் பைத் தம்பி, "நான் பேசலாமா?" என்று கை தூக்கினான். "விதிப்படி முடியாது, கேட்டுட்டுப் போ" என்றாள் மணியக்கா மைக்கில். அவனும் சேர்ந்து சிரித்தான்.

நடுவில் ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று இருபத்தைந்து. நிறைய நேரம் இருக்கிறது. நோட்டைக் கேட்டு வாங்கி ஆளாளுக்குப் பார்த்தார்கள். குடை டாக்டர் பலகையில் பதினாலு தடவையையும் வரிசையாக எழுதினார். இன்னொரு முறை பார்த்தாள். ஒன்று இருபத்தைந்து. இருக்கிறது, இருக்கிறது. எண்ண வந்த பெரிய டாக்டரம்மா எண்ணுவதை மறந்து, முன்வரிசைக்கு நகர்ந்துவந்து ஒரு நர்ஸோடு வாதாடிக்கொண்டிருந்தார். மணியக்காவுக்கு இத்தனை சந்தோஷம் இந்த அரங்கில் வந்ததே இல்லை. பொரித்த கோழி வந்த நாளிலும் இல்லை.

கதவு திறந்தது. அடுக்குப் பாத்திரத்தோடு கணவர்.

"ரெண்டேமுக்கால் ஆகுது" என்றார் அரங்கம் முழுவதற்கும், பழைய விசில் குரலில். "ரெண்டு மணிக்கு மேல ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டேன்னு சொன்னவ எங்க? வெளிய சோறு ஆறி, நானும் ஆறி உக்காந்திருக்கேன்."

எல்லாத் தலைகளும் கடிகாரத்துக்குத் திரும்பின. ஒன்று இருபத்தைந்து. பிளாஸ்திரியின் வலது முனை காற்றில் கிளம்பி, கீழே இறங்கிவந்த பெரிய முள்ளைப் பிடித்து ஒட்டவைத்துக்கொண்டிருந்தது. மணியக்கா வாயில் கைவைத்தாள். பத்தொன்பது வருடப் பேர் ஒரு துண்டு பிளாஸ்திரியில் போய்விட்டது.

முதலில் சிரித்தது பெரிய டாக்டரம்மா. பிறகு எழுந்து நின்று விரல் நீட்டி எண்ணினார். "நாப்பத்தொண்ணு. ரெண்டு மணிக்கு முப்பது பேர் கேட்டேன். ரெண்டேமுக்காலுக்கு நாப்பத்தொரு பேர் காட்டுறீங்க." மணியக்காவைப் பார்த்தார். "சொந்தக்காரங்க உக்கார வேற எடம் பாக்குறேன். இது உங்களோடது."

"வாங்க ஐயா" என்றார் குடை டாக்டர் மேடையிலிருந்து. "உங்க காலப் பத்தித்தான் ஒரு மணி நேரமாப் பேசிட்டிருக்கோம்."

கணவர் தன் காலைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார்.

"கேட்டிருக்கணும்" என்றாள் மணியக்கா. "தப்புதான்."

"சரி விடு. வீங்கினதுக்கு ஒரு பிரயோஜனம் ஆச்சு." அவர் மூடியைத் திறந்து, பக்கத்தில் நின்ற பெரிய டாக்டரம்மாவிடம் நீட்டினார். "உருளைக்கிழங்கு. நானே பண்ணினது. ஒரு துண்டு எடுங்கம்மா."

"ஐயையோ, விதி இருக்கு" என்று கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்தாள் மணியக்கா.

"அது விக்கிறவனுக்கு. நான் முழுங்குறவன்."

பெரிய டாக்டரம்மா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். முகம் சுருங்கியது. "உப்பு ஜாஸ்தி. மாத்திரைய விடுங்க, முதல்ல இதக் கொறைங்க. இதுக்கெல்லாம் எந்தக் கம்பெனியும் வகுப்பு நடத்தாது."

"அடுத்த புதன்கிழமை நாம நடத்தலாம்" என்றாள் மணியக்கா.

எல்லாரும் போன பிறகு ஏணி போட்டு ஏறி முள்ளை விடுவித்தாள். பிறகு நோட்டைத் திறந்து தேதி எழுதினாள். பாடம், இரத்த அழுத்தம். தலை, நாற்பத்தொன்று. ஐந்தாவது கட்டத்தில் கோடு போடப் போனவள் கையை நிறுத்தினாள். விதி என்றால் எல்லாருக்கும்தான். நிதானமாக எழுதினாள்: உருளைக்கிழங்கு, ஒரு துண்டு. வாங்கியவர் பெரிய டாக்டரம்மா. கொடுத்தவர் என் வீட்டுக்காரர்.